சங்கத்துக்குத் தைத்த ஷாமியானா

மஞ்சள் துணியின் ஓரத்தை இடது கட்டைவிரல் நகம் மடித்துக்கொண்டே போக, வலது கை ஊசியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. நேர்க்கோடுகளுக்கு மிஷின் போதும். வளைவு வந்தால் மிஷின் துணியைச் சுருக்கிவிடும், அங்கே கைத்தையல்தான். தாமரை இதழின் முனைக்கு வந்ததும் நகம் நின்றது. முனையில் துணியை அப்படியே மடித்தால் மொத்தையாகிவிடும். கத்தரி நுனியால் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, மிச்சத்தை உள்ளே தள்ளி, இரண்டு தையல் நெருக்கமாகப் போட வேண்டும். கை அதைச் செய்தது. பிறகு விரல்கள் தைத்த வழியே திரும்பித் தடவிக்கொண்டு வந்தன. ஓரிடத்தில் நூல் தளர்ந்திருந்தது. ஆளுயரத்துக்கு மேலே கட்டப்போகிற துணி. தளர்ந்த நூல் யார் கண்ணிலும் படாது. ஆனாலும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தன.

இந்த ஷாமியானாவில் குறை என்று எதுவும் இருக்கக் கூடாது என்பதில் கைசர் ஜஹான் கண்டிப்பாக இருந்தாள். தையல் கோணல், சாயம் ஒட்டுகிறது, துணி மட்டம் என்று எதையாவது காட்டிச் சங்கச் செயலாளர் சாய்சரண் தப்பித்துவிடக் கூடாது.

கே.கே. நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட் ஒன்றுதான் அவளுக்குக் கடை, பட்டறை எல்லாம். பிறந்து வளர்ந்தது ராயப்பேட்டை. கல்யாணமாகி இங்கே வந்தபோது அவளுக்குச் சட்டைப் பொத்தான் தைக்க மட்டும்தான் தெரியும். கணவர் அப்துல் கஃபார் பந்தல் துணி வாடகைக்கு விடுகிறவர். கிழிசல் தைக்க வரும் தையல்காரர் சொன்ன நாளில் வந்ததே இல்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவள் பழைய ஷாமியானா ஒன்றைத் தரையில் விரித்து, தையல் தையலாகப் பிரித்தாள். எந்தத் துண்டு முதலில் வைத்தது, எது அதன் மேல் ஏறியது, கயிறு இழுக்கும் மூலையில் துணி எப்படி மடிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பிரித்தாள். பிறகு அதே வரிசையில் திரும்பத் தைத்தாள். ஏற்றிப் பார்த்தபோது நடுவில் தொப்பை விழுந்தது. இறக்கினாள், பிரித்தாள், தைத்தாள். மூலைகளில் துணியைக் குறுக்குவாட்டில் வெட்டினால்தான் இழுவை தாங்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தத் தொப்பைதான் சொல்லிக் கொடுத்தது.

அதன் பிறகு அவள் தைத்த துணிகள் நகரமெங்கும் போய்வந்தன. பங்குனித் திருவிழாவில் மயிலாப்பூர் மாட வீதியின் மோர்ப் பந்தலாக நிற்கும். அடையாற்றில் கல்யாண வீட்டு மாடியில் ஏறும். சாந்தோம் பக்கம் ஞானஸ்நான விருந்துக்குப் போகும். அசோக் நகரில் யாராவது இறந்துபோனால் வாசலில் அதையேதான் கட்டுவார்கள். அதனால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூரைத் துணியில் பூ இருக்கலாம், கொடி இருக்கலாம், கட்டம் இருக்கலாம். எழுத்தும் இருக்காது, சாமியும் இருக்காது. காலையில் ஒரு வீடு, சாயங்காலம் இன்னொரு வீடு என்று போகிற துணி அது. எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். யாருக்கும் உறுத்தக் கூடாது.

வருடத்தில் இரண்டு நாள், பெருநாள் காலைகளில், அதே துணிகள் அசோக் நகர்ப் பக்கம் இருக்கும் மாநகராட்சித் திடலில் ஏறும். அவர்கள் தெருவிலிருக்கும் பள்ளிவாசல் சின்னது. பெருநாள் கூட்டம் கொள்ளாது. அனுமதி வாங்கி, ஒரு மணி நேரம் தொழுதுவிட்டு, பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வருவதற்குள் துணியை இறக்கிவிடுவார்கள். வெகு காலமாக அப்படித்தான் நடந்தது. திடலுக்கு எதிரே பழைய வீடுகள் போய் அடுக்குமாடி வந்தது. அதன் குடியிருப்போர் சங்கத்துக்குச் சாய்சரண் செயலாளரானார். ஏதோ கம்பெனியில் பெரிய வேலை பார்த்து, ஐம்பத்தைந்திலேயே ஓய்வு வாங்கிக்கொண்டவர். இந்த வருடம் ரம்ஜானுக்கு முன்னால், திடலில் தொழுகை கூடாது என்று அவர் மாநகராட்சியில் மனுப் போட்டார், தொழுகைக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதோடு விடாமல் திடலின் கம்பி வேலியில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டும் மாட்டினார்.

‘இது பொது இடம். எந்த மதத்தின் சடங்கும் இங்கே நடத்தக் கூடாது. இப்படிக்கு, சாய்சரண், செயலாளர்.’

அனுமதி இல்லை என்ற தகவல் பெருநாளுக்கு முந்தைய சாயங்காலம்தான் வந்தது. துணி ஏறிவிட்டிருந்தது. காலையில் போலீஸ்காரர் ஒருவர் வந்து, “பாய், சங்கடப்படுத்தாம இறக்கிடுங்க” என்று மரியாதையாகத்தான் சொன்னார். கஃபார் பாய் புது ஜிப்பாவோடு தானே ஏறி முடிச்சுகளை அவிழ்த்தார். இறங்கும்போது கால் கயிற்றில் சிக்கி முழங்காலில் விழுந்தார். பனியில் நனைந்திருந்த துணி அவர் மேல் சரிந்தது. அதற்குள்ளிருந்து அவர் கையால் துழாவிக்கொண்டு வெளியே வந்ததைச் சாய்சரண் தன் பால்கனியிலிருந்து படம் பிடித்து, ‘பொது இடம் மீட்கப்பட்டது’ என்று சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டார். அங்கிருந்து கிளம்பிய படத்துக்கு யாரோ ஒரு கோமாளி மெட்டைச் சேர்த்துவிட்டார்கள். மார்க்கெட்டில் கீரை விற்கிறவள்கூட போனை நீட்டி, “அக்கா, இது நம்ம பாய்தானே?” என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைசர் ஜஹான் கீரையை வாங்காமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கஃபார் பாய் துணி ஏற்றப் போகவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. ஷெட்டின் பின்பக்கம் உட்கார்ந்து கயிறுகளைச் சுற்றி வைப்பார். சுற்றிய கயிற்றையே மறுபடி அவிழ்த்துச் சுற்றுவார். பள்ளிவாசல் பெரியவர்கள், “விடும்மா, வருஷத்துல ரெண்டு நாளுக்காக வம்பு வேணாம்” என்றார்கள். அவள் தலையாட்டினாள். பக்ரீத் தொழுகை அந்தச் சின்னப் பள்ளிவாசலில் மூன்று தவணையாக நடந்தது. அதையும் பார்த்தாள்.

சாய்சரணை அடிக்க வேண்டும், அவர்மேல் கேஸ் போட வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அந்தத் திடலில், தன் ஆட்களின் நடுவில், வாயில் ஒரு வார்த்தை வராமல் அந்த மனிதர் நிற்க வேண்டும். கிட்ட நின்று அதை அவள் பார்க்க வேண்டும். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. தெரியாமலே ஆனி போயிற்று.

ஆடியில் பந்தல் காண்டிராக்டர் கபாலி வந்தான். கம்பு நடுவதும் நாற்காலி போடுவதும் அவன் வேலை. துணி வேலையெல்லாம் இங்கேதான் கொடுப்பான்.

“அக்கா, புதுசா ஒண்ணு தைக்கணும். சதுர்த்திக்கு. சங்கத்துக்கே சொந்தமா வேணுமாம். நடுவுல பெரிய தாமரை. முகப்புத் தொங்கல்ல ஓம்னு எழுத்து.”

“எழுத்தா? ஏன், நம்ம வாடகைத் துணிக்கு இன்னா?”

கபாலி காதைச் சொறிந்தான். “அது எல்லா வூட்டுக்கும் போய்ட்டு வர்றதாம். சாவு வூட்டுக்கு… அப்புறம்…”

“சொல்லு.”

“உங்காளுங்க தொழுகைக்கும் போவுதாம். பிள்ளையாருக்குத் தனியா, சுத்தமா வேணுமாம்.”

“எந்தச் சங்கம்?”

“திடலுக்கு எதிர்ல கீதே…” என்று இழுத்தான். “நான் வேற ஆளுகிட்டயே குடுத்துடறேன்க்கா. உன்கிட்ட கேக்காம போனா தப்புன்னுதான் வந்தேன்.”

கைசர் ஜஹான் கத்தரியைக் கீழே வைத்தாள். “யார் தைக்கறான்னு அந்தாளுக்குத் தெரியுமா?”

“கேக்கல. நானும் சொல்லல.”

“அளவு குடு. நான் தைக்கறேன்.”

“கோவம் இல்லையாக்கா?”

“துணிமேல எதுக்குடா கோவம்?”

கம்பு நிற்கப்போகிற இடத்தைப் பார்க்காமல் அவள் துணி வெட்டுவதில்லை. மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனாள். வேலியில் போர்டு இல்லை. அதைக் கட்டியிருந்த கம்பிகள் மட்டும் முறுக்கிவிட்டபடி தொங்கின. பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் சாய்சரணும் சங்கத்தின் பொருளாளர் அபயாம்பாளும் உட்கார்ந்திருந்தார்கள். அபயாம்பாள் மயிலாப்பூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டேப்போடு குனிந்திருந்த பெண்ணை இருவரும் பந்தல் ஆள் என்று நினைத்து, பேச்சை நிறுத்தவில்லை.

“இங்க ஒரு போர்டு தொங்கிண்டிருந்துதே, எங்கே சாய்சரண்?”

“கழட்டி வச்சிருக்கேன் மாமி. பெயின்ட் அடிக்கணும்.”

“அது பிளாஸ்டிக்னா? அதுக்கு ஏது பெயின்ட்?”

சாய்சரண் சிரித்தார். “சதுர்த்தி முடிஞ்சதும் மறுபடி மாட்டிடலாம் மாமி. அது மதச் சடங்குக்குத்தான். இது மதம் இல்ல, கலாசாரம்.”

“எங்காத்துல இத்தனை நாள் பூஜைன்னுதான் சொல்லிண்டிருந்தோம்” என்றார் அபயாம்பாள். சாய்சரண் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

கைசர் ஜஹான் டேப்பைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் போர்டை ஐந்து மாதமாகப் போகும்போதும் வரும்போதும் படித்திருக்கிறாள். கண்ணை மூடினாலும் ஒவ்வொரு எழுத்தும் தெரியும். நல்ல வரிகள்தான். யாருக்கும் விலக்குக் கொடுக்காத வரிகள். அவற்றை எழுதியவரே தேவைப்பட்டபோது கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார் என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் நெருப்பாக எரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் சாயம் போகாத மஞ்சள் துணியாகப் பார்த்துக் கூடுதலாக வாங்கினாள்.

தாமரையை முடித்தாள். தொங்கலில் ஓம் எழுதினாள். அதன் வளைவுக்காக ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாள். பிறகு சிவப்புக் கூரைத் துணியை, மேடைப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி, ஷெட் தரையில் விரித்தாள். தாமரைக்கும் மேடை ஓரத்துக்கும் நடுவில் வெறுமையாக இருந்த பட்டையில் சாக்பீஸால் கோடு இழுத்தாள். கூரையில் எழுத்து கூடாது என்ற வழக்கம் ஞாபகம் வந்தது. எழுத்து வேண்டும் என்று கேட்டது சாய்சரணின் சங்கம்தானே என்று நினைத்துக்கொண்டாள். சாண் உயரத்துக்கு எழுத்துகளை வெட்டி, ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாள். கஃபார் பாயிடம் சொல்லவில்லை. அவர் பின்பக்கமே இருந்தார்; துணி பாதிக்கு மேல் மடித்தே கிடந்தது.

முதல் வரி முடிந்த அன்று அவர் டீயோடு முன்பக்கம் வந்தார். மடிப்பு திறந்திருந்தது. நின்று படித்தார். வீட்டுக்குள் அவர்கள் உருதுவில்தான் பேசுவார்கள். கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். அவர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்கத் தமிழில் தயாராக இருந்தாள்.

அவர் டீயை ஜன்னலில் வைத்துவிட்டுத் துணியைச் சுற்றி மறுபக்கம் போய் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“உல்டா” என்றார்.

“என்ன உல்டா?”

“எழுத்து. தலைகீழா இருக்கு.”

“தலை மேடைப் பக்கம் இருக்கு. நேராத்தான் இருக்கு.”

“தரையில விரிச்சா நேர். மேல ஏத்தினா?” அவர் ஒரு துண்டுத் துணியில் சாக்பீஸால் ‘இ’ என்று எழுதி, எழுத்தின் தலை சுவர்ப் பக்கம் இருக்கும்படி அவள் தலைக்கு மேலே பிடித்தார். “சுவர்தான் மேடை. அதைப் பார்த்து உட்காரு. இப்ப அண்ணாந்து பாரு.”

உட்கார்ந்து அண்ணாந்தாள். ‘இ’ தலைகீழாகத் தொங்கியது. பூவுக்குத் தலையும் காலும் கிடையாது. இத்தனை காலம் பூவாகவே தைத்த கைக்கு அது தோன்றவில்லை.

“இப்படி ஏத்தினா,” என்றார் கஃபார் பாய், “பிள்ளையாருக்கு மட்டும்தான் படிக்க வரும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதடு லேசாகக் கோணியது. பெருநாளுக்குப் பிறகு அவர் இத்தனை பேசியது இதுதான் முதல் தடவை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, பிளேடை எடுத்து முதல் எழுத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

“போலீஸ் வரும்” என்றார், பிரித்துக்கொண்டே.

“வரட்டும். என்னன்னு கேஸ் போடுவாங்க? அந்தாள் எழுதினதை அந்தாளுக்கே எழுதிக் கொடுத்தேன்னா?”

அவர் அந்த எழுத்தைப் பிரித்துத் தனியே வைத்தார். பிறகு, “பேரையும் போடறியா?” என்று கேட்டார்.

“போர்டுல இருந்துச்சே.”

“அப்ப இது போதாது.” வெட்டி வைத்திருந்த ‘சா’வை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “பேர் கடைசி வரிசை நாற்காலி வரைக்கும் தெரியணும். பெருசா வெட்டு.”

பெரிதாக வெட்டினாள். தூரத்தில் போய் நின்று பார்த்து, இன்னும் பெரிதாக வேண்டும் என்றார். அதையும் வெட்டினாள். ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அவளுமாகத் தைத்து முடித்தார்கள்.

சதுர்த்திக்கு முந்தைய ஞாயிறு திடலில் ஏற்றிக் காட்டுவதாகப் பேச்சு. முதல் நாளே துணியை எடுத்துப்போகக் கபாலி மீன்பாடி வண்டியோடு வந்தான். தொங்கலைப் பார்த்து, “சூப்பர்க்கா, கண்ணுல ஒத்திக்கலாம்” என்றான். தாமரையைப் பார்க்க மடிப்பை நீக்கினான். வாய்க்குள் படித்தான். அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“இன்னாக்கா பண்ணிவச்சிகீற!”

“தப்பா ஒரு எழுத்து கீதா பாரு.”

“எழுத்தா முக்கியம்? என் பொழப்புல மண்ணு விழும். பிள்ளையார் உனக்கு இன்னாக்கா பண்ணாரு?”

“அவர்மேல எனக்கு இன்னா கோவம்? தாமரையப் பாரு. வேண்டா வெறுப்பா தைச்ச மாதிரியா கீது? நான் அந்தாளுகிட்ட பேசினு கீறேன். பிள்ளையார் நடுவுல வரல.”

“நான் வருவேனே நடுவுல! காண்டிராக்ட் எம்பேர்ல கீது!”

அது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தக் காரியத்தில் அடி வாங்கப்போவது கபாலிதான் என்பதை இத்தனை நாளாக ஒதுக்கி வைத்திருந்தாள். எழுத்து தைத்த சமயத்தில் இவன் முகம் ஒருமுறை மனதில் வந்தது. வந்ததும் வேறு நூலை எடுத்துக் கோத்துக்கொண்டாள்.

“துணிய நீ எடுத்துனு போவாதே,” என்றாள். “நானே கொண்டாறேன், நானே ஏத்திக் காட்றேன், என் கையாலயே குடுக்கறேன். யார் தைச்சதுன்னு நானே சொல்றேன். உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியுமே! இப்பத்தானே பாத்தேன்! பிள்ளையார் எதிர்ல நின்னுனு பொய் சொல்லச் சொல்றியா?”

பின்பக்கத்திலிருந்து கஃபார் பாய் குரல் கொடுத்தார். “கபாலி, நீ கம்பு மட்டும் நடு. மேல பாக்காதே. பாக்கலைன்னா பொய் இல்ல.”

கபாலி பிடரியைத் தடவிப் பார்த்தான். “கழுத்து சுளுக்கிக்கிச்சுன்னு சொல்றேன்” என்றான். எழுந்து வாசல் வரை போனவன் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில், “அந்த வீடியோவ என் மச்சான் எனக்கே அனுப்பினான்க்கா. அவனோட நான் இன்னும் பேசல” என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியை மிதித்துக்கொண்டு போனான்.

ஞாயிறு காலை திடலில் நாற்காலி போட்டிருந்தது. சங்கத்துக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாலு மூலையிலும் சவுக்குக் கம்புகள் நின்றன. கபாலி தரையைப் பார்த்தபடி ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். கஃபார் பாய் ஆட்டோவிலிருந்து துணி மூட்டையை இறக்கியபோது சாய்சரணின் முகம் மாறியது.

“இவர்… கபாலி, யாருக்குக் கொடுத்தே நீ?”

“அவன்கிட்ட ஏன் சார் கேக்கறீங்க?” என்றாள் கைசர் ஜஹான். “தைச்சது நான். இவர் என் வீட்டுக்காரர். நீங்க படம் எடுத்தீங்களே, அவர்தான்.”

யாரோ இருமினார்கள். அதற்குள் கஃபார் பாய் தொங்கலை விரித்து முன் கம்புகளில் கட்டிவிட்டிருந்தார். வெயிலில் ஓம் பளிச்சென்று நின்றது. பெண்கள் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தார்கள். “எத்தனை நேர்த்தியா பண்ணியிருக்கா பாருங்கோ” என்றார் அபயாம்பாள். அத்தனை பேர் பாராட்டும்போது யார் தைத்தது என்று பேச்செடுக்கச் சாய்சரணால் முடியவில்லை. “சரி, மேலேயும் ஏத்துங்க” என்றார்.

கயிறுகளை இழுத்தார்கள். சிவப்புக் கூரை ஒரு முறை காற்றை வாங்கிப் புடைத்துவிட்டு இறுகி நின்றது. தொப்பை விழவில்லை. எல்லோரும் அதன் கீழே வந்து அண்ணாந்தார்கள்.

அபயாம்பாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் படிப்பதுபோல் உரக்கப் படித்தார். “இது பொது இடம். எந்த மதத்தின் சடங்கும் இங்கே…” நிறுத்தினார். “நம்ம போர்டுன்னா இது!” பிறகு விடாமல் முழுவதையும் படித்தார், ‘இப்படிக்கு, சாய்சரண், செயலாளர்’ வரைக்கும்.

பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். அவன் அம்மா தொடையில் தட்டினாள். இரண்டு போன்கள் உயர்ந்தன. கைசர் ஜஹான் அந்தப் போன்களைப் பார்த்தாள். அவளுக்கு இனித்தது. இன்னும் நாலு போன் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

“என்ன இது?” சாய்சரணின் கழுத்து சிவந்திருந்தது. “யார் இதை எழுதச் சொன்னது?”

“நீங்க எழுதினதுதான் சார். வேலியில இருந்தது காணோம். சங்கத்துக்குச் சொந்தமான துணின்னாங்க, சங்கத்து வார்த்தை அதுல இருக்கட்டும்னு போட்டேன்.”

“கபாலி!”

“கழுத்து சுளுக்கு சார்,” என்றான் கபாலி தரையைப் பார்த்தே. “ஒண்ணும் தெரியல.”

“இதைப் பிரிங்க. இப்பவே.”

“பிரிக்கறேன் சார். எங்க தொழில்ல காரணம் கேட்டுட்டுத்தான் பிரிப்போம்.” அவள் குரல் உயரவில்லை. அளவு கேட்கும்போது எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். “அளவு தப்பா? தையல் தப்பா? இல்ல, எழுதியிருக்கறது தப்பா?”

“அது வேற, இது வேற…”

“சரி சார். அப்ப இருக்கட்டும். தப்பு இல்லாததை எதுக்குப் பிரிக்கணும்?”

சாய்சரண் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் பார்த்தார். அவருடைய ஆட்கள் யாரும் முன்னால் வரவில்லை. சிலர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் அவரை. கைசர் ஜஹான் அவருக்கு எதிரே இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, கண்ணை எடுக்காமல் அந்த முகத்தைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். பெருநாள் காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தாள்.

“தப்புதான்” என்றார் கடைசியில்.

“காத்துல கேக்கல சார்.”

“தப்புன்னு சொல்றேன். அந்த வரி வேண்டாம். பிரிங்க.”

“அப்போ சதுர்த்திக்கு அப்புறம் அந்தப் போர்டை மாட்டப் போறதில்லையே?” என்று அபயாம்பாள் கேட்டார். “கணக்கு எனக்கு நேராகணுமோல்லியோ.”

“மாட்டலை மாமி.”

“பெருநாளைக்கு?”

சாய்சரண் கயிறுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அபயாம்பாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

துணி இறங்கியது. கைசர் ஜஹான் திடலின் நடுவில், புல் இல்லாத இடத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்து பிளேடை எடுத்தாள். கஃபார் பாய் மறுபக்கம் உட்கார்ந்தார். கபாலியும் இப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு வந்து குந்தினான். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தும் வந்ததும் நூலைத் தட்டிவிட்டு அருகில் நின்ற சாய்சரணிடம் நீட்டினாள். வேறு வழியில்லாமல் அவர் வாங்கி வாங்கிக் கையில் அடுக்கினார். அவருடைய பெயரின் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் அவை கையில் நிற்காமல் நழுவின. குனிந்து பொறுக்கினார்.

வெயில் ஏறிவிட்டது. கடைசி எழுத்தையும் எடுத்தானதும் துணியை உதறினார்கள். தாமரையும் தொங்கலும் அப்படியே இருந்தன. அவளும் கஃபார் பாயும் எதிரெதிரே நின்று மூலைக்கு மூலை மடித்து, கயிற்றால் கட்டினார்கள். கைசர் ஜஹான் மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய்ச் சாய்சரணின் இரு கைகளிலும் வைத்தாள்.

“வெயில்ல ஏத்தாதீங்க சார்,” என்றாள். “ஒத்தைத் துணி. ஊசி போன ஓட்டை எல்லாம் அப்படியேதான் இருக்கு. வெளிச்சம் இறங்கினா கீழ உட்கார்ந்திருக்கறவங்க மறுபடியும் படிச்சுடுவாங்க.”

அவர் வாங்கிக்கொண்டார்.